படுத்தால் விழிக்கும் மிதவை

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குச் சாமான்களை அடுக்கும் உரிமை எனக்குத்தான். ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் அதை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மாவின் தையல் கத்தரி, அப்பாவின் கால்குலேட்டர், ஸ்குரூ டிரைவர், தேங்காய்த் துருவி, அரிவாள்மனை என்று ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் விரித்த பட்டுத் துணியில் கிடத்த வேண்டும். என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் போகும். ஒன்றைக்கூட வெளியே விட்டு வைக்க மாட்டேன். மறுநாள் எடுக்கும்வரை படி என்று யாரும் சொல்ல முடியாதல்லவா. இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று நம்பியிருந்தேன். இன்றைக்கும் அந்த நம்பிக்கை முழுதாகப் போய்விடவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது பெங்களூர் விவேக் நகரில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பீன்யாவில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. தம்பி என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் அம்மா, "ஆத்துல பள்ளம் வுழுந்திருக்கான்னு பாக்கறான்" என்பாள். கேட்டவர்கள் பாவம் என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

உண்மையில் அது பெரிய வேலை. வெள்ளம் வரும்போது பாலத்தின் கால்களைச் சுற்றிச் சுழலும் தண்ணீர் அடி மணலைத் தோண்டிக்கொண்டு போகும். கடற்கரையில் நிற்கும்போது, அலை திரும்புகையில் குதிகாலுக்கு அடியில் மணல் கழன்று போகுமே, அதேதான். மேலே நின்று பார்த்தால் செந்தண்ணீர் மட்டும் தெரியும். வெள்ளம் வடிந்ததும் அந்தப் பள்ளத்தைப் புது மணல் வந்து மூடிவிடும், பாலம் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். அதனால் பள்ளம் விழும் நேரத்திலேயே தெரிந்தாக வேண்டும்.

அதற்காக மாமாவின் கம்பெனி செய்தது ஒரு மஞ்சள் மிதவை. பார்க்க அரை லிட்டர் பிளாஸ்கு மாதிரி இருக்கும். பாலத்தின் காலருகே ஆற்று மணலுக்குள் அதை நிமிர்த்தி வைத்துப் புதைத்துவிடுவார்கள். நிற்கும்வரை அது வாயைத் திறக்காது. மணல் அரித்துக்கொண்டு போனால் மிதவை வெளியே வந்து தண்ணீரில் படுக்கும். படுத்த உடனே தன் எண்ணைச் சொல்லும். பாலத்தின் மேல் இருக்கும் பெட்டி அதைக் கேட்டு, பட்டியலில் உள்ள எல்லாருடைய போனுக்கும் மெசேஜ் அனுப்பும். மெசேஜ் வந்தால் போலீஸ்காரர் யாரையும் கேட்காமல் இரண்டு பக்கமும் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்திவிட வேண்டும்.

அந்த வாரம் மாமா சோதனைக்கென்று ஒரு பெட்டியையும் ஒரு மிதவையையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கனகபுரா ரோட்டில் போய் உள்ளே திரும்பினால் வரும் ஒரு பாலம் அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே மூன்றாவது காலடியில் புதைத்திருந்த இரண்டாவது மிதவையின் எண்ணையே இதற்கும் கொடுத்திருந்தார். பூஜைக்கு முந்தின நாள் எல்லாரிடமும் சொல்லிவைத்துவிட்டு, மிதவையைப் படுக்கவைத்து மெசேஜ் போகிறதா என்று பார்த்தார். போனது. பிறகு மிதவையை அதற்கான மரத் தாங்கியில் நிறுத்தினார், பெட்டியைத் தூக்கி சமையலறை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். என்னைப் பார்த்து, "பாப்பா, இத மட்டும் படுக்க வெக்காத. படுத்தா முழிச்சுக்கும்" என்றார்.

உலகத்தில் எல்லாம் படுத்தால் தூங்கும், இது ஒன்று மட்டும் விழிக்கும். எனக்கு அது நன்றாகவே நினைவிருந்தது. "சின்னப் பொண்ணு, மறந்துட்டா" என்று பிற்பாடு அம்மா எனக்காகப் பரிந்து பேசியபோதுகூட எனக்குக் கோபம்தான் வந்தது. நான் மறக்கவில்லை, யோசித்துத்தான் செய்தேன். ஆயுத பூஜையன்று எந்தக் கருவிக்கும் வேலை கிடையாது. கத்தரி வெட்டாது, அரிவாள்மனை நறுக்காது. வருஷமெல்லாம் நின்றுகொண்டே இருக்கும் ஒன்றை அன்றைக்கும் நிற்க வைப்பது என்ன நியாயம்? எல்லாவற்றையும் கிடத்தியது போல அதையும் கிடத்தினேன். நெற்றி எங்கே என்று தெரியாததால் எண்ணுக்கு மேலே குங்குமம் வைத்தேன். அதன்மேல் சாமந்திப் பூவைப் போர்வையாகப் பரப்பினேன்.

மாமா வாசலில் கம்பெனி வேனுக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். பூஜை முடிந்ததும் அதில் என்னை ஒரு ரவுண்டு கூட்டிப் போவதாகப் பேச்சு. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, போனைப் பார்த்தபடியே உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, மூணாவது காலு போயிடுச்சிக்கா. பஸ் ஓடற நேரம்" என்றார்.

ஆற்றின் மேல்பக்கம் மூன்று நாளாக நல்ல மழை. வரக்கூடிய மெசேஜ்தான் என்பதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். என் ரவுண்டு போய்விடுமே என்ற பதற்றத்தில் நானும் ஓடிப்போய் வேனில் ஏறிக்கொண்டேன். என்னை இறக்கிவிட அவருக்கு நேரமில்லை.

ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். வேன் இரண்டு இடத்தில் வழுக்கியது. கயிறு கட்டியாயிற்று என்று பாலத்திலிருந்து போன் வந்தது. இன்னும் எவ்வளவு நேரம் என்று மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் மாமா கன்னடத்தில், திறக்காதீர்கள், வந்துகொண்டே இருக்கிறேன் என்று கெஞ்சினார். அவர் அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

"எத்தனாவது மிதவை மாமா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"ரெண்டு."

குங்குமம் வைத்தபோது கீழே வெள்ளையாக எழுதியிருந்த எண் கண்முன் வந்தது. பனசங்கரி தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அவர் வியர்வையைப் பார்க்கச் சகிக்காமல் சொல்லிவிட்டேன்: "மாமா, ரெண்டு நம்ம வீட்டுல பூஜையில படுத்திருக்கு."

வேனை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "அப்ப பாலத்துக்கு ஒண்ணுமில்லியா? ஒண்ணுமில்லியா பாப்பா?" என்று என்னையே இரண்டு தரம் கேட்டார். அம்மாவுக்குப் போன் போட்டு மிதவையை எடுத்து நிறுத்தச் சொன்னார். வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் பெட்டியை அணைக்கச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பு நின்றது. சோதனை முடிந்ததுமே அதை அணைத்திருக்க வேண்டும், அணைக்காமல் வைத்தது அவர்.

வீட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன். அவர் பாலத்துக்கே வண்டியை விட்டார். ஒரு தடவை கயிறு கட்டிவிட்டால், கையால் அளந்து பார்க்காமல் அவிழ்க்கக் கூடாது என்பது அவர்கள் வேலையின் முறை. எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது.

"மாமா, பேட்டரி கெட்டுப்போச்சின்னு சொல்லிடுங்க மாமா. என் பேர சொல்லாதீங்க."

அவர் ரோட்டைப் பார்த்தபடி "ம்" என்றார். அதை நான் சத்தியமாகவே எடுத்துக்கொண்டேன்.

பாலத்தின் இரண்டு பக்கமும் வண்டிகள் கல்யாண ஊர்வலம் மாதிரி நின்றன. பஸ்ஸுக்கு வாழைக்கன்று, டிராக்டருக்குச் சாமந்தி மாலை, ஸ்கூட்டருக்குக்கூட ரோஜாப்பூ. வண்டிகளெல்லாம் அழகாக இருந்தன, உள்ளே இருந்த முகங்கள்தான் பார்க்கும்படி இல்லை. பாலத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர் வீட்டுப் பூஜையிலிருந்து பட்டு வேட்டியோடு எழுந்து வந்திருந்தார். "ஏன்ரீ இது, ஹப்பத தின?" என்று பண்டிகை நாளும் அதுவுமாக நடந்த இந்த அநியாயத்தை எடுத்த எடுப்பில் கேட்டார். அதற்குப் பிறகும் எல்லாம் கன்னடத்தில்தான் நடந்தது. பெங்களூரில் பிறந்தவள் என்பதால் எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது, அதுதான் வினையாகப் போயிற்று.

மாமா வேனிலிருந்து கயிற்றை எடுத்தார். நுனியில் இரும்புக் குண்டு, ஒவ்வோர் அடிக்கும் ஒரு சிவப்புத் துணி முடிச்சு. மூன்றாவது காலுக்கு நேராக நின்று குண்டை ஆற்றில் இறக்கினார். அது தரையைத் தட்டியதும் முடிச்சுகளை எண்ணினார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அவரோடு சேர்ந்து எண்ணினார்கள். ஒரு கண்டக்டர் அவசரத்தில் ஒரு முடிச்சைத் தாண்டிவிட்டு எல்லாரிடமும் ஏச்சு வாங்கினார். காலைச் சுற்றி நாலு இடத்தில் அளந்தும் பதிவேட்டில் இருந்த பழைய அளவேதான். திறக்கலாம் என்று மாமா சொன்னதும் கைதட்டினார்கள்.

அதோடு முடிந்திருக்கலாம். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் அலுப்போடு சொன்னார். "இனிமே மெசேஜ் வந்தா மொதல்ல போன் போட்டு கேப்பேன். நெஜம்னு சொன்னா கட்டுவேன். பொய் சொல்ற மெஷினுக்காக ஊர் ஜனத்துகிட்ட நான் திட்டு வாங்க முடியாது."

இன்ஜினியரும் அதுதான் சரி என்று தலையாட்டினார். மாமாவின் முகம் காலையில் மெசேஜ் வந்தபோது இருந்ததைவிட மோசமாகிவிட்டது.

"மெஷின் பொய் சொல்லல சார்" என்றார் சத்தமாக. "படுத்தா சொல்லணும். படுத்துச்சு, சொல்லுச்சு. படுக்க வெச்சது எங்க அக்கா பொண்ணு, இதோ நிக்கறா."

கையையும் நீட்டினார், என் பேரையும் சொன்னார். மிதவைக்கு நான் பூஜை போட்ட கதையை முதலிலிருந்து கடைசிவரை விவரமாகச் சொன்னார். பாலத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு அம்மாள் என் கன்னத்தைக் கிள்ளி, கை நிறையப் பொரியும் கடலையும் வைத்து, மெஷினுக்கு லீவு கொடுத்தாயா கண்ணு என்று கேட்டாள். போலீஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்குமேல் மாமா என்னவோ சொன்னார், இன்ஜினியர் எழுதினார், மாமா கையெழுத்துப் போட்டார். அழுகையில் அது எதுவும் என் காதில் விழவில்லை. பெட்டியை அணைக்காமல் விட்டது தான்தான், அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்று மாமா சொன்னாராம். இதை அம்மா எனக்குச் சொன்னதே நான் காலேஜ் போன பிறகுதான்.

வீடு வரும்வரை நான் பேசவில்லை. தீபாவளி வரைக்கும் பேசவில்லை. பட்டாசு அவர் கையில் இருந்ததால் அன்று ஒருநாள் மட்டும் பேசினேன். கம்பெனியில் அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பாலத்து வேலையிலிருந்து எடுத்துப் பட்டறையில் மிதவைகளுக்கு மூடி ஒட்டும் வேலையில் உட்கார வைத்தார்கள். பொங்கல் வரை தினமும் விரலெல்லாம் பசையோடு வந்தார்.

"பேட்டரின்னு சொல்லியிருந்தா உனக்கு இது வந்திருக்குமாடா?" என்று அம்மா ஒருநாள் ஆற்றாமையோடு கேட்டாள்.

"வந்திருக்காதுக்கா" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அது சரியான தண்டனையாகவே பட்டது. சொந்த அக்கா மகளைவிட ஒரு மஞ்சள் குழாயின் மானம் பெரிது என்று நினைத்தவருக்கு, மஞ்சள் குழாயே கிடைக்கட்டும்.

அடுத்த வருஷம் மழைக்காலத்துக்குள் மாமா பழைய வேலைக்குத் திரும்பியிருந்தார். ஒரு மத்தியானம் மெசேஜ் வந்து கிளம்பிப் போனவர், சாயங்காலம் முழங்கால்வரை சேறோடு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் சொன்னார். குண்டு போய்க்கொண்டே இருந்ததாம். பழைய அளவுக்குக் கீழே எட்டு முடிச்சு. பாலம் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே நின்றதாம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் முதலில் நின்றது உட்கார இடமில்லாமல் ஆள் ஏறிய ஒரு பஸ். அதே போலீஸ்காரர்தான். யாரையும் கேட்காமல் கயிற்றைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் மாமாவுக்குப் போன் போட்டிருக்கிறார்.

"என்னா சொன்னாரு தெரியுமாக்கா? கட்டிட்டேன், உங்க அக்கா பொண்ணு இன்னிக்கி ஸ்கூல்லதானே இருக்கான்னு கேட்டாரு."

சொல்லிவிட்டு அப்போதுதான் மாமா காபியைக் குடித்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கோ ஆத்திரம் பொங்கியது. ஒரு வருஷம் ஆகியும் அந்த மனுஷன் என்னை மறக்கவில்லையே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனேன். அன்றைக்குத் தப்பு செய்தது நான்தான், மெஷின் இல்லை என்பதை அவர் மறக்காமல் இருந்ததால்தான் அந்த பஸ் இந்தப் பக்கமே நின்றது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.