ஃபார்மோலுக்கு ஐஸ் வேண்டாம்

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஓர் ஆய்வறை, அதில் நான் ஒருவன் மட்டும்தான். காசநோய்க் கிருமியின் புரதத்தை ஆட்டு ரத்த அணுக்களோடு ஒட்டவைக்க வேண்டும். அதன்மேல் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, அதாவது சீரத்தை, விட்டால், நோய் இருக்கிறவருக்கு அணுக்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். புரதம் தானாக ஒட்டாது. எந்த ரசாயனம் அதைச் சரியாக ஒட்டவைக்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் எனக்கு இட்ட வேலை.

இரண்டு இருந்தன. ஒன்று பென்சிடின். அமிலத்தில் கரைத்து நைட்ரைட் சேர்க்கும்போது ஐஸிலேயே வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் சூடேறினாலும் கெட்டுப்போகும். அவ்வளவு மாப்பிள்ளை முறுக்கு. இன்னொன்று ஃபார்மோல், அதாவது ஃபார்மலின். அது ஐஸ் கேட்காது, எதுவுமே கேட்காது.

ஆய்வறையில் ஐஸ் கிடையாது. அதனால் தினமும் காலையில் தூக்குவாளியோடு பெரிய மார்க்கெட்டின் மீன் பக்கம் போவேன். மீனைத் தொடாதவன் மீன்கடையில் வந்து நிற்பதைப் பார்த்து, என் அம்மா வயதிருக்கும் அந்த மீன்காரிக்குச் சிரிப்பு.

“இன்னா சாமி, இன்னிக்கும் வெறும் ஐஸுதானா?”

“ஆமாம்மா, ஆராய்ச்சிக்கு.”

“நல்லா பண்ண போ ஆராய்ச்சி. மூஞ்சி ஏன் இப்டி வாடிக் கெடக்குது? சாப்ட்டியா இல்லியா?”

பல நாட்களில், காலையிலிருந்து ராத்திரி வரை என்னோடு பேசிய ஒரே ஆள் அவள்தான்.

மூன்றாவது வாரத்திலேயே விஷயம் தெளிவாகிவிட்டது. பென்சிடினில் ஒட்டிய அணுக்கள், சீரம் விடாமலே மறுநாள் தாமாகக் கட்டிக்கொண்டன. ஃபார்மோலில் ஒட்டியவை வாரக்கணக்கில் நன்றாக இருந்தன. சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. ஃபார்மோல் குழாய்களை அலமாரியில் பின்னுக்குத் தள்ளிவிட்டு, “இன்னும் பாக்கணும் சார்” என்றேன் பெரிய டாக்டரிடம். ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். ஐஸ் வாங்கப் போவதற்காகப் பொய் சொன்னவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வார்டில் இருமிக்கொண்டு கிடந்தவர்களை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கடைசியில் வெட்கம் தாங்காமல் ‘ஃபார்மோல்’ என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையும் கால்கள் மார்க்கெட்டுக்குத்தான் போயின. கையில் வாளி. ஐஸ்தான் வேண்டாமே, எதைச் சொல்லிக்கொண்டு அங்கே நிற்பது?

“அரைக் கிலோ சங்கரா மீன் குடும்மா” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “யாரு சாமி ஆக்குவாங்க?”

“வீட்ல ஆள் இருக்காங்கம்மா.”

 அவள் மீனை வாளியில் போட்டு, நான் கேட்காமலே மேலே ஐஸை அள்ளிப் போட்டாள்.

ஆய்வறைக்கு வந்து வாளியை மேசைமேல் வைத்தேன். ஐஸ் கரைந்து முடியும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மீன் நாற ஆரம்பித்தது. அதை என்ன செய்வது என்று கேட்கக்கூட எனக்கு ஒருவரும் இல்லை.