ஹெஸ்டரின் பாவாடை

"இன்னும் ஒரு அங்குலம் பிடிக்கலாம்" என்று வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி சொன்னாள் ஹெஸ்டர் ப்ளென்கின். கணுக்கால் பக்கம் பாவாடை ஏற்கெனவே தலையணை உறை மாதிரிதான் இருந்தது.

பாரீஸில் என்ன உடுத்துகிறார்கள் என்று பத்திரிகையில் வந்தால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகச் செய்வது அவள் வழக்கம். பாவாடைக்குள் பின்புறம் மெத்தை வைத்துக் கட்டிய காலத்தில் இரண்டு வருஷம் நாற்காலியில் சாயவில்லை. கை உப்பிய ரவிக்கைகளின் காலத்தில் கதவுகளில் பக்கவாட்டாக நுழைந்தாள். இந்த 1911-இல் பாவாடை குறுகிவிட்டது. நடையில் தையல் தெறிக்காமலிருக்க முழங்கால்களைச் சேர்த்து ஒரு நாடாவும் கட்டிக்கொள்கிறாள். ஓர் அடிக்கு ஆறு அங்குலம் நகர்கிறாள்.

கணவர் எங்கள் ஊரில் ஆணிக்கடை வைத்திருக்கிறார். அதனால் மேயர் மனைவி திருமதி ஆஸ்கித் வோன் அவள் வீட்டில், வந்துபோனதற்கு அடையாளமாகத் தன் பெயர் அச்சிட்ட முகவரிச் சீட்டு வைத்துவிட்டுப் போகப் பதினோரு வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து ஏழு நாளுக்குள் ஹெஸ்டர் நேரில் போய்த் தன் சீட்டைப் பதிலுக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் ஊரின் நல்ல வீடுகள் எதுவும் பிறகு அவளுக்குக் கதவு திறக்காது. ஆறு நாள் பாவாடை தைப்பதில் போயிற்று.

ஏழாம் நாள் மதியம், பக்கத்து வீட்டில் பியானோ சொல்லிக் கொடுக்கும் நான் துணைக்குப் போனேன்.

"பழைய பாவாடையைக் கட்டிட்டு ஓடிட்டு வந்துடேன்டி."

"மேயர் வீட்டுக்கா? பழசுலயா? அதுக்கு நான் செத்துட்டேன்னு சொல்லி அனுப்பிடலாம்."

குதிரை வண்டியின் படி உயரம்; ஏற முடியவில்லை. அரை மைல் நடந்தோம். நான் நடந்தேன்; அவள் நகர்ந்தாள். ஒரு நத்தையை மட்டும் முந்தினோம்.

இறைச்சிக் கடை வாசலில் ஹக்கபி கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினான்.

"அம்மணி, சாக்கு ஓட்டம் திடல்ல நடக்குது. வழி தவறி வந்துட்டீங்களா?"

"உனக்கு பாரீஸும் பன்னித் தொடையும் ஒண்ணுதான்டா!" என்றாள், திரும்பாமல். திரும்பினால் விழுந்துவிடுவாள்.

நாலரை மணிக்கு மேல் அந்த வீட்டில் யாரையும் வரவேற்க மாட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி இருபத்தாறு நிமிடம். வாசலில் ஐந்து படிகள். அதை இருவருமே யோசித்திருக்கவில்லை. மேலே பணிப்பெண் சீட்டு வாங்கும் வெள்ளித் தட்டோடு நின்றாள். ஜன்னல் திரை மெல்ல விலகியது.

"ஹெஸ்டர், தையலைக் கொஞ்சம் பிரிச்சுடறேன்."

"தொட்டே, ஜென்மத்துக்கும் உன்கூடப் பேசமாட்டேன்."

"சீட்டை நான் கொண்டுபோய்க் குடுக்கட்டுமா?"

"அவங்கவங்க கையாலதான் குடுக்கணும். சும்மா இரு."

படிகளை ஒருமுறை பார்த்தாள். தொப்பியை நிமிர்த்திக்கொண்டாள். பிறகு வீட்டுக்கு முதுகு காட்டி முதல் படியில் உட்கார்ந்தாள். உள்ளங்கைகளைப் பின்னால் ஊன்றி, இரண்டாம் படிக்கு எழும்பினாள். மூன்றாவது. நான்காவது. தொப்பி இறகுகள் ஒவ்வொரு படியிலும் ஒருமுறை குதித்தன. ஐந்தாவதில் பணிப்பெண்ணின் காலணி முதுகில் தட்டியதும் நின்றாள். தெருவைப் பார்த்த முகத்தில் புன்னகையோடு, கையுறை விரல்களால் சீட்டைத் தோளுக்கு மேலே உயர்த்தி வெள்ளித் தட்டில் வைத்தாள்.