தேன்பெட்டிக்குப் பின்னால் எரித்த எள்ளெண்ணெய்

என் கணவருக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டதென்று அவருடைய அம்மா கொழும்பிலிருந்து தொலைபேசியில் சொன்னதோடு எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகள் பாழாய்ப் போயின. அதற்கு முந்தி இவர் கோயிலுக்குப் போவதென்றால் சாப்பாடு கொடுக்கிற நேரம் பார்த்துத்தான் போவார். இப்போது திடீரென்று பக்தி முற்றிவிட்டது. புரட்டாதிச் சனி ஒன்றுகூடத் தவறக்கூடாது. காலையில் வெறும் தேத்தண்ணீர். பிறகு கோயிலில் எள்ளுப் பொட்டலத்தை எண்ணெயில் தோய்த்து எரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, மரக்கறிச் சோற்றில் ஒரு கவளம் காகத்துக்கு வைத்த பிறகுதான் தன் வாயில் வைப்பார். சமைக்கிறவள் நான். பசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர் அவர்.

ரொறன்ரோவில் காகம் இல்லாமலில்லை. ஆனால் கூப்பிட்டால் வருகிற சாதி அல்ல. சனி தொடங்கின முதல் வருடம் நாங்கள் உயரமான அப்பார்ட்மென்ற் ஒன்றில் இருந்தபோது, பல்கனியில் சோற்றை வைத்துவிட்டு இவர் "கா, கா" என்று தொண்டை கிழியக் கத்தினார். கடைசியில் வந்தது ஒரு வெள்ளைக் கடற்பறவை. பருப்பு, கத்தரிக்காய், சோறு என்று எல்லாவற்றையும் ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கண்ணாடிக் கதவில் கொத்தியது.

"சனீஸ்வரன் இஞ்சை வாகனம் மாத்தியிருப்பார்" என்றார் இவர், முகம் கொஞ்சமும் மாறாமல். இந்த மனிதரோடுதான் நான் குடும்பம் நடத்தினேன்.

நான் சொல்ல வந்தது அதற்கடுத்த வருடத்துக் கதை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மே மாதக் கடைசியில் அதே நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றுக்குக் குடிவந்தோம். அது லேசில் கிடைத்த இடமல்ல. அப்போது நான் முழுகாமல் இருந்தேன். வயிறு பெரிதாகத் தெரியவில்லைதான். சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் பிறகு சண்டை சச்சரவு வேண்டாமென்று போகிற இடமெல்லாம் முன்கூட்டியே சொன்னோம். குழந்தை என்றதும் எல்லா வீட்டுக்காரருக்கும் திடீரென்று வாடகைக்கு வேறு ஆள் கிடைத்துவிடும். எங்கள் ஆட்களும் இதில் குறைந்தவர்களில்லை. "பிள்ளை அழும், மேலை நித்திரை கொள்ளேலாது தங்கச்சி" என்று ஒரு அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டே கதவைச் சாத்தினா.

இந்த வீட்டுக்காரி போலந்திலிருந்து வந்தவள். புருஷன் செத்துப் போய்த் தனியாக மேலே இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் என் வயிற்றைப் பார்த்து, "எப்போது?" என்று மட்டும் கேட்டாள். நவம்பர் என்றேன். "நல்லது. ஆப்பிள் வேலை முடிந்துவிடும்" என்று சொல்லிக் கதவுத் திறப்பை என் கையில் தந்தாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

வளவின் பின்புறம் ஒரு ஆப்பிள் மரம். அதற்கப்பால் வேலியோரமாக இரண்டு வெள்ளைத் தேன்பெட்டிகள், தட்டையான மூடிகளுக்கு மேல் ஆளுக்கொரு கல் வைத்தபடி. அக்கம்பக்கத்தாருக்கு வருடா வருடம் ஒரு போத்தல் தேன் போய்விடும். அதனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. முதலில் எனக்கு அந்தப் பக்கம் போகவே பயம். ஆனால் என் பூசணிக் கொடி அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது.

அப்பார்ட்மென்ற் பல்கனியிலும் பூசணி வைத்துப் பார்த்தவள் நான். பூ பூவாய்ப் பூக்கும். பிஞ்சு விரல் நுனியளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்துவிடும். உரம் போதாதென்று மீன் கழுவின தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் மணம் தாங்காமல் சண்டைக்கு வந்ததுதான் மிச்சம். அவ்வளவு உயரத்துக்குத் தேனீ ஒன்றும் ஏறி வராது என்பது என் மண்டையில் ஏறவில்லை. இங்கே, கொடி பூத்த முதல் நாள் காலையிலேயே பூவுக்குள் ஒரு தேனீ மஞ்சள் தூளை மேலெல்லாம் அப்பிக்கொண்டு கிடந்தது. ஆண் பூவிலிருந்து எழும்பி நேரே பெண் பூவுக்குப் போனது. அந்த வருடம் பூசணிக்காய் வைக்க இடமில்லாமல் கட்டிலுக்குக் கீழே உருட்டி வைத்தோம்.

ஆப்பிள் பறிக்கிற நாளில் வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். அவளுடைய ஆங்கிலம் ஒரு பக்கம் இழுக்கும், என்னுடையது மறு பக்கம் இழுக்கும், ஆனாலும் விளங்கும். ஒரு வருடம் மரம் பூத்த நேரமெல்லாம் மழையும் குளிருமாம். தேனீக்கள் பெட்டியை விட்டு வெளிக்கிடவேயில்லையாம். அந்த வருடம் கிடைத்த கொஞ்சநஞ்ச ஆப்பிளும் ஒரு பக்கம் சூம்பிப் போயிருந்ததாம். "அவர்கள் வேலை செய்யாவிட்டால் உனக்கும் சாப்பாடில்லை, எனக்கும் சாப்பாடில்லை" என்றாள். தேனீக்களை அவர்கள் இவர்கள் என்றுதான் சொல்வாள். வீட்டில் பேச வேறு ஆளில்லைத்தானே.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, குப்பை வைக்கப் போன என்னை மறித்து, "ஞாயிறு காலை இரண்டு பேரும் மேலே வாருங்கள். வின்ரரைப் பற்றிப் பேச வேண்டும்" என்றாள். சிரிக்கவில்லை. அவள் எப்போதுமே அதிகம் சிரிக்கிறவள் அல்ல. ஆனாலும் என் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்ததோ பயம் உதைத்ததோ தெரியவில்லை. வின்ரரைப் பற்றி என்ன பேச்சு? எங்கேயோ இருக்கிற அவளுடைய மகன் திரும்பி வரப்போகிறானோ? பிள்ளை பிறக்குமுன் வேறு இடம் பார்க்கச் சொல்லப் போகிறாளோ? எட்டு மாத வயிற்றோடு, பனி கொட்டப் போகிற நேரத்தில், எந்தக் கதவைப் போய்த் தட்டுவது?

"சும்மா ஏதும் கதைக்கிறதுக்காயிருக்கும். நீர் பேசாமல் படும்" என்றார் இவர். சொல்லிவிட்டுத் தான் விடியும்வரை புரண்டு புரண்டு படுத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. வழக்கமாக எங்களைக் கோயிலுக்கு ஏற்றிப் போகிற சிநேகிதரின் கார் திருத்த வேலைக்காகக் கராஜில் கிடந்தது. பஸ்ஸில் போகலாமென்றால் எனக்குக் கால் வீங்கியிருந்தது. இவர் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போக மாட்டாராம், எள்ளெண்ணெய் எரிக்காமலும் இருக்க மாட்டாராம். பேஸ்மென்ற்றுக்குள் எரித்தால் ஸ்மோக் அலாம் ஊரைக் கூட்டும். அதனால் சட்டியையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போனார். காற்று அடித்துக்கொண்டிருந்தது. காற்றுக்கு மறைவான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தேன்பெட்டிகளுக்குப் பின்பக்கம்.

எள்ளெண்ணெய் எரிகிற புகை எப்படியிருக்குமென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கன்னங்கரேலென்று சுருண்டு சுருண்டு எழும்பி, அந்த வெள்ளைப் பெட்டிகளைச் சுற்றிப் படர்ந்தது. ஐயா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பிறகு காகத்துக்குச் சோறு வைக்க உயரமான, தட்டையான இடம் தேடினார். அதுவும் பக்கத்திலேயே இருந்தது. பெட்டியின் மூடியில் ஒரு கடுதாசித் தட்டை வைத்து, சோறும் பூசணிக்காய்க் கறியும் போட்டுவிட்டு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். தட்டை ஒரு அணில் தலைகீழாகக் கவிழ்த்ததை ஜன்னலால் பார்த்து, "அணிலெண்டாலும் பரவாயில்லை" என்றார்.

ஞாயிறு விடிந்ததும், வீட்டுக்காரியின் கண்ணில் படுமுன் அந்தத் தட்டை எடுத்து எறிவோமென்று நான்தான் முதலில் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பெட்டி வாசலுக்கு நேரே கீழே, புல்லின் மேல், செத்த தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. ஒன்றிரண்டு இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தன.

"இஞ்சேருங்கோ!" என்று நான் கத்தின கத்தில் இவர் கட்டியிருந்த சாரத்தோடு ஓடி வந்தார். குவியலைப் பார்த்தார்.

"புகையோ?" என்றார்.

"வேறை என்ன? உங்கடை சனியை இதுகளிலை இறக்கிப் போட்டீங்கள்! ஐயோ கடவுளே, மனுசிக்கு என்னெண்டு முகத்தைக் காட்டுறது? இண்டைக்கே வெளியாலை போகச் சொல்லப் போறா!"

"கத்தாதையும். அவ எழும்ப முதல் கூட்டி அள்ளிப்போட்டு வாறன்" என்று ஒரு கடைப் பையை எடுத்து வந்தார்.

"உங்களுக்கு விசரோ? பெட்டியைத் திறந்தால் அவவுக்குத் தெரியாதோ?"

அவர் கேட்கவில்லை. குனிந்து கையால் அள்ளி அள்ளிப் பைக்குள் போட்டார். கொட்டுமே என்ற பயம்கூட இல்லை. ஒன்றும் கொட்டவுமில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு ஊரை விட்டு வந்தோம், எத்தனையோ வீடு மாறினோம், கடைசியில் பிள்ளை பிறக்கப் போகிற நேரத்தில் எள்ளெண்ணெய்ச் சட்டியால் தெருவுக்கு வரப்போகிறோமே என்று நினைத்தேன். அப்படியே புல்லில் குந்திவிட்டேன். குந்தினதால் பெட்டியின் வாசல் என் கண்ணுக்கு நேரே வந்தது.

அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. மெலிந்த தேனீ இரண்டு, தடித்த ஒன்றைச் செட்டையில் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தன. விளிம்பில் வைத்துத் தள்ளிவிட்டன. அது கீழே விழுந்து, தட்டுத் தடுமாறி ஏறி, மறுபடி உள்ளே நுழையப் பார்த்தது. வாசலில் நின்றவை விடவில்லை. திரும்பவும் இழுத்துத் தள்ளின. நான் கீழே கிடந்தவற்றைப் பார்த்தேன். எல்லாமே தடியன்கள். பெரிய பெரிய கண்கள். பூசணிப் பூவுக்குள் நான் கண்ட சாதி ஒன்றுகூட அதில் இல்லை.

"நில்லுங்கோ, நில்லுங்கோ. உது புகையில்லை" என்றேன். "உள்ளை இருக்கிறதுகள் நல்லாத்தான் இருக்குதுகள். அதுகளே பிடிச்சு வெளியிலை தள்ளுதுகள். வந்து பாருங்கோ!"

இவரும் வந்து பக்கத்தில் குந்தினார். இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கையில் மேலே சமையலறைக் கதவு திறந்தது. வெண்ணெயும் கறுவாவும் ஆப்பிளும் பொரிகிற மணம் முதலில் வந்தது. பிறகு வீட்டுக்காரி வந்தாள். சாரம் கட்டின மனிதர், கையில் பை, புல்லில் குந்தியிருக்கிற கர்ப்பிணி, பெட்டியின் மேல் சோற்றுத் தட்டு. ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

இவருக்குப் பொய் சொல்ல வராது. தெரிந்த ஆங்கிலத்தில் சனீஸ்வரன், எள், காகம், புகை, அணில் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். அவளுக்கு என்ன விளங்கியதோ, பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அதிகம் சிரிக்காத மனுசி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஆம்பிளைகள்" என்றாள். "எல்லாம் ஆம்பிளைகள். கோடை முழுக்கச் சாப்பிடுவார்கள், ஒரு வேலையும் செய்ய மாட்டார்கள். குளிர் வருமுன் பொம்பிளைகள் பிடித்து வெளியே போட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் வின்ரருக்குத் தேன் காணாது. வருடா வருடம் இப்படித்தான்." புகைக்காக நாங்கள் பயந்ததை நினைத்து அவளுக்கு இன்னும் சிரிப்பு. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தேனீக்கள் சாந்தமாயிருக்க அவளே புகை போடுகிறவளாம்.

அப்பாடா! என் உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. ஆனால் இறக்கின மூட்டைக்குக் கீழே மற்ற மூட்டை இருந்ததே, வின்ரர் கதை. இவர் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வர, பயந்து பயந்து மேலே போனோம்.

மேசையில் அடுக்கடுக்காய் ஆப்பிள் பான்கேக். மாவுக்குள் ஆப்பிளைச் சீவிப் போட்டு, ஓரம் முறுகப் பொரித்து, மேலே அந்தப் பெட்டித் தேனையே ஊற்றியிருந்தாள். முட்டை போட்டது. நேற்றுச் சனி விரதத்திலென்றால் இவர் தொட்டிருக்க மாட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கடைசியில் நானே கேட்டுவிட்டேன். "வின்ரரைப் பற்றிப் பேச வேண்டும் என்றீர்களே?"

"ஓ, அதுவா" என்றாள். "கீழே தரை சில்லிட்டுப் போகும், குழந்தைக்குக் கூடாது. மேலே பின்னறை சும்மாதான் கிடக்கிறது. நவம்பருக்கு முன் கட்டிலை ஏற்றிவிடுங்கள். சமையலும் இங்கேயே செய்யலாம்." வாடகை என்று இவர் வாயெடுத்ததும், ஈயை விரட்டுவது போலக் கையை வீசினாள்.

நான் அழுதுவிட்டேன். சும்மா கண் கலங்கினதில்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். குளிருக்கு முன் வெளியே தள்ளுவாள் என்று பயந்திருந்த என்னை உள்ளேயல்லவா இழுத்துக்கொண்டாள். வீட்டுக்காரி பதறிப் போய் என் தட்டில் இன்னொரு பான்கேக்கை வைத்தாள். அழுகைக்கு அவளுக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

இவர் ஜன்னலால் தேன்பெட்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "எல்லாரையுமோ வரச் சொல்லுறா, இல்லாட்டி உம்மை மட்டுமோ? கேட்டுப் பாரும்" என்றார்.

அழுகைக்குள் சிரிப்பு வந்து புரைக்கேறிவிட்டது. வீட்டுக்காரி என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி என் கணவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"பாத்திரம் கழுவுவானா?" என்றாள்.

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. இவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பிப் போய்க் குழாயைத் திறந்தார். அவருடைய தட்டில் மிச்சமிருந்த பான்கேக்கையும் நானே எடுத்துச் சாப்பிட்டேன்.