வழிகாட்டிய பிள்ளைக்குக் கண் மங்கியபோது

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதம் நடந்தது இது. சுவிஸில் நாங்கள் இருப்பது துன் நகரில். கோடைகால நேரம் முடிந்து மணிக்கூட்டைப் பின்னுக்கு மாற்றி ஒரு வாரம் ஆகியிருக்கும். அந்த நாட்களில் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஏரியிலிருந்து பனிப்புகாரும் எழும்பி வந்துவிட்டால், எதிரில் வருகிற ஆளின் முகம்கூடச் சரியாகத் தெரியாது.

என் கணவருக்குக் கண் தெரியாது. பிறவியில் வந்ததல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இங்கே ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தவர். முப்பது வயதுக்குப் பிறகு விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகத் தொடங்கியது. கடைசியில், அறையில் விளக்கு எரிகிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாத நிலைக்கு வந்துவிட்டார். வெள்ளைப் பிரம்போடு நடக்கப் பழக்கினார்கள். ஒருநாள் ரயில் நிலையப் படியில் விழுந்து எழும்பியவர், அதன்பின் தனியாக வெளியே போவதையே விட்டுவிட்டார். கதைக்கிற மனிதர் கதைக்காமல் போனார். வானொலியைப் போட்டுவிட்டு நாள் முழுக்க சோபாவில் இருப்பார். நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறபோதும் அதே இடத்தில்தான் இருப்பார்.

அப்படி இருந்த வீட்டுக்குத்தான் அந்த நாய் வந்தது. கறுப்பு நிற லாப்ரடோர். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே ஒரு பள்ளியில் வளர்த்துப் பயிற்சி கொடுத்த நாய். எனக்கோ நாயென்றால் பயம். சாமிப் படம் வைத்திருக்கிற வீட்டுக்குள் நாயா என்று சொந்தக்காரர்களும் முகம் சுளித்தார்கள். அவர் யார் சொல்லையும் கேட்கவில்லை. பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வந்த அன்றிலிருந்தே அவர் "பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார். கட்டளைகள் மட்டும் இத்தாலிய மொழியில். பள்ளியில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ஊரெல்லாம் சுவிஸ் ஜெர்மன் பேச, இவர் "சினிஸ்த்ரா, தெஸ்த்ரா" என்று இடமும் வலமும் சொல்லிக்கொண்டு ஆறே நதிப் பாலத்தைக் கடந்து போவதை முதன்முதல் பார்த்த நாளில் நான் தெருவில் நின்று அழுதேன்.

அவளைப் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான். காலையும் மாலையும் அளந்துதான் சாப்பாடு. எடை கூடினால் இடுப்பு மூட்டு கெடும், பிறகு வேலை செய்ய முடியாது என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாப்பிட்டவுடன் நடக்க வைக்கக் கூடாது. வீட்டுக்கு வருகிறவர்கள் வடையையும் ரோல்ஸையும் நீட்டுவார்கள், வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்று நான் ஓடிப்போய்த் தடுப்பேன். பனிக்காலத்தில் பனி உருகுவதற்காக வீதியில் கொட்டுகிற உப்பு பாதத்தை வெடிக்கச் செய்யும். வெளியே போய் வந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நாலு காலையும் கழுவி, விரலிடுக்கைத் துடைத்துக் களிம்பு பூச வேண்டும். அதையெல்லாம் அவரே செய்வார். கோடையில் புல்வெளியில் ஏறுகிற உண்ணியை என் கண்ணைவிட அவருடைய விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும். காதுக்குள் சிவந்திருக்கிறதா, கண்ணில் பீளை கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் என் பொறுப்பு.

அவளோடு நடக்கத் தொடங்கிய பிறகு அவர் வேலைக்கும் போனார். பார்வையற்றவர்கள் வேலை செய்கிற ஒரு பட்டறையில் பொருள் பொதி செய்கிற வேலை. மனிதர் பழையபடி கதைக்கத் தொடங்கினார். வீட்டில் சிரிப்பு கேட்டது.

அந்த இலையுதிர்காலத்தில்தான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மாடிப்படி விளக்கு அணைந்திருந்தால் பிள்ளை முதல் படியில் காலை வைக்கத் தயங்கினாள், மூக்கால் தொட்டுத் தொட்டு இறங்கினாள். ரயில் நிலையத்துச் சுரங்கப்பாதை வாசலில் நின்றுவிட்டாள். ஒரு மாலை அவளுடைய உலர்ந்த சாப்பாட்டில் சில மணிகள் கதவோரம் நிழலில் சிதறின. பக்கத்திலேயே நின்று காற்றை முகர்ந்தாளே தவிர, நேரே போய் எடுக்கவில்லை. விளக்கு வெளிச்சம் பட்டால் அவள் கண் முன்பைவிடக் கூடுதலாகப் பச்சையாய் மின்னியது. ஆனால் பகலில் ஒரு பிழையும் விடமாட்டாள்.

அவரிடம் மெல்லச் சொன்னேன். "குளிர் தொடங்கிட்டுதெல்லோ, காலில ஏதும் நோவாயிருக்கும்" என்றார். ஒவ்வொரு பாதமாக அமத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை. எனக்கும் அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டில் பார்வை உள்ளவள் நான் ஒருத்திதான். நான் கண்டதைச் சொன்னால் பிள்ளையை அவரிடமிருந்து பிரிக்க வேண்டி வரும். சோபாவில் இருந்த அந்தப் பழைய மனிதரை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. ஹோட்டலில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். நன்றாக மம்மல் பட்டு இருட்டிக்கொண்டு வந்தது. வீதியின் மறுபக்கத்தில் அவர்கள் இருவரும் வருவதைக் கண்டேன். நடைபாதை விளிம்பு வந்தால் பிள்ளை நின்றுவிட வேண்டும். அவள் நின்றால் அவரும் நிற்பார், காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் கடப்பார். அன்று அவள் நிற்கவில்லை. விளிம்பு அங்கே இருப்பதே தெரியாதவள் போல நேரே வீதியில் இறங்கினாள். இடப்பக்கத்திலிருந்து மின்சார பஸ் ஒன்று சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"நில்லுங்கோ!" என்று கத்தினேன். என்னுடைய தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

ஒரு கால் வீதியில், ஒரு கால் நடைபாதையில் என்று அவர் அப்படியே உறைந்து நின்றார். அவளுடைய முதுகுப் பட்டியின் கைபிடியை இழுத்ததில் பிள்ளை பின்னால் தடுமாறினாள். பஸ் கிறீச்சிட்டுக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நின்றது. அதன் பக்கக் கண்ணாடி அவருடைய முகத்துக்கு நேரே இருந்தது. ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது என் கணவர் பிள்ளையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். என் மேல்தான் கோபம். "உம்முடைய சத்தத்திலதான் அவள் குழம்பினவள்."

"நான் கத்த முந்தியே அவள் இறங்கிட்டாள். அவளுக்குக் கண் தெரியேல்லை" என்றேன். பல நாளாக அடக்கி வைத்திருந்த சொல் நடுவீதியில் வெளியே வந்துவிட்டது.

"அப்படிச் சொல்லாதேயும்" என்றார்.

அன்று இரவு சாப்பாட்டை அளந்து அவளுக்கு வைத்தார். தான் சாப்பிடவில்லை. மறுநாள் விடுமுறை எடுத்தார். பகல் முழுக்க யோசனை. பின்னேரம் நான் வேலையால் வந்ததும் அவராகவே சொன்னார். "கொரிடோரில கதிரையை வையும். வாளியையும் எங்கயாவது வையும். கதவெல்லாத்தையும் சாத்தும். நான் இவளோட நடக்கிறன். நீர் லைட்டைப் போட்டுப் போட்டு அணையும். எப்ப எரியுது, எப்ப எரியேல்லையெண்டு எனக்குச் சொல்லாதேயும்."

எங்கள் வீட்டு நடைவழிக்குச் சன்னல் கிடையாது. ஒடுங்கின இடம். அவர் பிள்ளைக்கு வேலைப் பட்டியை மாட்டிக் கைபிடியைப் பிடித்தார். நான் விளக்கைப் போட்டேன். அவள் கதிரையைச் சுற்றி, வாளியைச் சுற்றி, அவரையும் நோகாமல் கொண்டுபோனாள். பொருட்களை இடம் மாற்றி வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். இருட்டில் பிள்ளை நடையைக் குறைத்தாள். பிறகு கதிரைக் காலில் மோதுகிற சத்தமும், மெல்லிய ஒரு முனகலும் கேட்டன.

மறுபடி விளக்கு. மறுபடி இருட்டு. ஒவ்வொரு முறையும் அவரே சொன்னார். "இப்ப எரியுது." "இப்ப இல்லை." ஒருமுறைகூடப் பிழை விடவில்லை. தனக்குத் தெரியாத வெளிச்சத்தை அவளுடைய கைபிடி வழியாக அவர் அறிந்துகொண்டிருந்தார்.

கடைசியில் தரையில் இருந்துவிட்டார். வேலைப் பட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கட்டைவிரலால் அவள் கண்ணைச் சுற்றித் தடவிக்கொண்டே இருந்தார். அவள் வாலை ஆட்டினாள். பிறகு அவராகவே பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்தார்.

பேர்ன் நகரில் மிருகங்களுக்கான கண் மருத்துவர் ஒருவரிடம் பயிற்சியாளர் எங்களைக் கூட்டிப்போனார். மருத்துவர் இளம் பெண். நெடுநேரம் பார்த்தார். விழித்திரை நலிந்துகொண்டு வருகிறது, முதலில் மங்கல் வெளிச்சத்தில் தெரியாமல் போகும், பிறகு பகலிலும் தெரியாமல் போகும், நோவு இருக்காது, மருந்தும் இல்லை என்றார். குட்டியிலேயே பரிசோதனை செய்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் இந்த நோயில் எல்லா வகையும் பரிசோதனையில் அகப்படுவதில்லை என்றும் விளக்கினார்.

என் கணவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஜெர்மனில் சொன்னார்: "எனக்கும் இதேதான்."

மருத்துவர் கையில் இருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பி வருகிற ரயிலில் பிள்ளை அவர் காலடியில் படுத்திருந்தாள். அப்போதுதான் எனக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார். "எனக்குத் தொடங்கேக்கையும் இருட்டிலதான் தொடங்கினது. குசினியில கீழ் அறைக்கு இறங்கேக்க சுவரைத் தடவித் தடவிப் போவன். வேலை போயிடுமெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உமக்கும் சொல்லேல்லை. இவளுக்கு வாயில்லை. எனக்கு வாய் இருந்தும் சொல்லேல்லை."

அடுத்த வாரம் பயிற்சியாளர் வந்து வேலைப் பட்டியை எடுத்துக்கொண்டு போனார். இனி பிள்ளை ஓய்வு பெற்ற நாய். உங்களோடு செல்லமாக வைத்திருக்கலாம், அல்லது நல்ல இடத்தில் விடலாம், முடிவு உங்களுடையது என்றார். எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. நான் பகல் முழுக்க வேலையில். கண் போய்க்கொண்டிருக்கிற நாயை அந்தப் படிகளில் என் கணவர் தனியாக எப்படி ஏற்றி இறக்குவார்? ஆனாலும், அவர் வைத்திரு என்றால் வேலையைக் குறைத்துக்கொண்டாவது வைத்திருப்பேன் என்று மனதுக்குள் முடிவு எடுத்திருந்தேன்.

பள்ளிக்குப் போக முன், குட்டியாக இருந்தபோது பிள்ளையை ஒரு வருடத்துக்கு மேல் வளர்த்த தம்பதி ஏரிக்கு மேலேயுள்ள ஒரு கிராமத்தில் இருந்தார்கள். அவளைத் திரும்ப ஏற்க அவர்கள் விரும்புவதாகப் பயிற்சியாளர் சொன்னார். என் கணவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு, "அந்த வீடு அவளுக்குக் கண் தெரிஞ்ச காலத்தில பழகின வீடு. எங்க வாசல், எங்க மரமெண்டு அவளின்ர மனசில இருக்கும். அங்கதான் விடவேணும்" என்றார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிறிஸ்மஸுக்கு முன், பனி கொட்டிய ஒரு காலையில் கொண்டுபோய் விட்டோம். முற்றத்தில் காலை வைத்ததுமே பிள்ளை மூக்கைத் தரையில் வைத்து ஒரு சுற்று ஓடினாள். அந்த வீட்டு அம்மா வயதானவர், கண் கலங்கி நின்றார். என் கணவர் அவருக்கு முன்னால் நின்று ஜெர்மனில் நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். சாப்பாட்டு அளவு, வலது காது சீக்கிரம் அழுக்காகும், உப்பு வீதியில் நடந்தால் கால் கழுவ வேண்டும் என்று முதலில் வழக்கமான விஷயங்கள். பிறகு குரல் மாறியது.

"கதிரை, மேசை, தளபாடத்தை இடம் மாற்றாதீர்கள். மாற்றினால் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் மணக்க விடுங்கள். தொடுவதற்கு முதல் கதையுங்கள், திடீரென்று தொட்டால் பயப்படுவாள். இழுத்துக்கொண்டு போகாதீர்கள், முன்னால் நின்று கூப்பிடுங்கள், அவளாகவே வருவாள். மோதிவிட்டால் ஐயோ என்று சத்தம் போடாதீர்கள், அவளுக்கு வெட்கமாக இருக்கும். பாவம் பார்த்து எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். அவளால் செய்யக்கூடியதைச் செய்ய விடுங்கள்."

அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு, தலையாட்டுவது அவருக்குத் தெரியாதே என்று நினைத்து, "யா, யா" என்று வாயால் ஆமாம் சொல்லத் தொடங்கினார்.

நான் பக்கத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பனி என் சப்பாத்துக்குள் இறங்குவதுகூடத் தெரியவில்லை. அவ்வளவு வருடமாக என்னிடம் அவர் இதில் ஒன்றையாவது கேட்டதில்லை. நான் வீடு துடைக்கிறபோது கதிரையை இடம் மாற்றிவிட்டு மறந்துபோவேன். சொல்லாமல் கையைப் பிடித்து இழுப்பேன். எங்காவது மோதினால் "ஐயோ" என்று நான்தான் முதலில் கத்துவேன். சட்டைப் பொத்தான்கூட நானே போட்டுவிடுவேன். அதெல்லாம் அன்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

விடைபெறும்போது அவர் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவில்லை. குனிந்து அவள் காதோடு ஏதோ தமிழில் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அவருடைய கையில் வெள்ளைப் பிரம்பு இருந்தது. கிராமத்து பஸ் தரிப்பிடம் வரை பனியில் நடந்தோம். அவருடைய கையை நான் பிடிக்கவில்லை. "பக்கத்தில வாறன். வேணுமெண்டால் பிடியுங்கோ" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சத் தூரம் பிரம்பைத் தட்டிக்கொண்டே நடந்தவர், பிறகு தானாகவே என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அவருக்கு வேறு ஒரு நாய் வந்தது. நல்ல நாய், கெட்டிக்காரன். ஆனால் அவனைப் பிள்ளை என்று அவர் கூப்பிடுவதில்லை. கிராமத்துக்கு இடைக்கிடை போய் வருகிறோம். பிள்ளைக்கு இப்போது பகலிலும் தெரியாது. அந்த வீட்டுக்குள் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் நடக்கிறாள் என்று அந்த அம்மா பெருமையாகச் சொல்கிறார்.

ஒருவரைப் பார்த்துக்கொள்வது என்றால் அவருக்காக எல்லாவற்றையும் செய்துவிடுவதல்ல, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதுதான் என்பதை, என் கணவர் தன் நாய்க்காகப் பேசிய அந்தச் சில நிமிடங்களில்தான் நான் முதன்முதலாகப் புரிந்துகொண்டேன்.