சிரிப்புக்குப் பெயர் வைத்த வேலை

நேற்று காலை மின்சார ரயிலில், கூடுவாஞ்சேரியில் ஏறி எதிரே உட்கார்ந்தவர் கைப்பேசியைப் பார்த்து மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். 'ஸ்நார்ட்' என்றது என் தலைக்குள் ஏதோ. இருபது வருஷமாக வேலையில்லாமல் கிடந்த சொல். கூப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது, பாருங்கள்.

சிறுசேரியில் அப்போதுதான் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றின் நாலாவது மாடியில் எனக்கு முதல் வேலை. வெளிநாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஹெட்போனில் கேட்டு, காது கேளாதவர்களுக்காகப் படத்தின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை அடித்துத் தர வேண்டும். பேச்சை எழுதிவிடலாம். சிரிப்புதான் உயிரை வாங்கும். 'சிரிக்கிறார்' என்று போட்டுவிட்டுப் போக முடியாது. என்ன சிரிப்பு என்று போட வேண்டும். வாய்க்குள்ளேயே உருண்டால் சக்கிள். அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தால் கிகில். அடுத்தவன் வழுக்கி விழுந்ததில் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டால் ஸ்நிக்கர். கூரை அதிர்ந்தால் கஃபா. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'என்ன இளிப்பு' என்ற ஒன்றுதான் இருந்தது.

பக்கத்து நாற்காலி ஏழுமலை. படாளத்துக்காரன், கரும்பு போடுகிற குடும்பம். பயிற்சி முடிந்து தேர்வில் தேறினால்தான் வேலை நிரந்தரம். அவனோ சேர்ந்த வாரமே நிரந்தரம் என்று ஊரில் சொல்லி, தெரு முழுக்க லட்டும் கொடுத்துவிட்டிருந்தான்.

"பெயிலானா லட்ட திருப்பிக் கேப்பாங்களாடா?"

"தின்னது தின்னதுதான் மச்சான். நான்தான் ஊர்ப்பக்கம் தல காட்ட முடியாது."

ஞாயிற்றுக்கிழமைகளில் காதைப் பழக்க மாமல்லபுரம் போவோம். மீன் வறுக்கிற வாசனைக்கு நடுவே மணலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் சிரிப்புக்கெல்லாம் பெயர் வைப்போம். அலையில் புடவை நனைந்த புதுப்பெண், கிகில். கூட வந்த மாமியார், அது சிரிப்பிலேயே சேர்த்தியில்லை. கல் யானையை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்ட கடைக்காரர், ஸ்நிக்கர்.

"அலையும் ஒரு மாதிரி சிரிக்குது, கவனிச்சியா?" என்று நான் ஆரம்பித்தால் போதும்.

"த்தோ, கெளம்பிட்டாரு கவிஞரு! வேலயப் பாருடா" என்று அவன் ஒரு கஃபா விடுவான். படுத்திருந்த நாய் எழுந்து ஓடும்.

தேர்வில் வந்தது ஒரு பேட்டி. வயதான வெள்ளைக்கார அம்மாள், கணவரை அடக்கம் செய்த நாளைப் பற்றிச் சொல்கிறார். நடுவில் சிரிக்கிறார். நாங்கள் எல்லோரும் சக்கிள் போட்டோம். ஏழுமலை 'அழுகிறார்' என்று போட்டான். ஏற்கெனவே அவன் கணக்கில் நாலைந்து தப்பு. இதுவும் சேர்ந்தால் தேற மாட்டான்.

பயிற்சி கொடுத்த மேடம் நல்லவர். அவன் நாற்காலிக்கே வந்து குனிந்தார்.

"இத மட்டும் மாத்திடுங்க ஏழுமலை. பாஸ் போட்டுடறேன்."

"அது அழுவுது மேடம்."

"காதுல என்ன விழுது? சிரிப்புதானே?"

"எங்க நைனா செத்தன்னிக்கு எங்கம்மாவும் இப்டித்தான் சிரிச்சிச்சு."

மேடம் ஹெட்போனை வாங்கி இன்னொரு தடவை கேட்டார். அப்புறம் மெதுவாக, "கேக்கறதத்தான்ப்பா எழுதணும். அவங்க மனசுல என்ன இருக்குன்னு எழுத நமக்கு உரிமை இல்ல" என்றார். அதுவும் நியாயம்தானே? நானும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பாகத்தான் கேட்டது. "ஒரு சொல்லுதானடா, மாத்தித் தொலையேன்" என்று மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன். அவன் கீபோர்டைத் தொடவே இல்லை.

இப்போது அந்த எழுத்தை எல்லாம் இயந்திரமே போட்டுவிடுகிறது. யார் எப்படிச் சிரித்தாலும் 'சிரிப்பு' என்று ஒரே சொல். அழுகைக்கு அருகில் நிற்கிற சிரிப்புக்காகப் பக்கத்து நாற்காலிக்காரனோடு மல்லுக்கட்டுகிறவர் யாரும் அந்த மாடியில் இல்லை. ஏழுமலையின் கஃபாவையும் பிறகு நான் கேட்கவில்லை.

தேர்வு நடந்த அன்று மத்தியானம் அவனோடு திருப்போரூர் வரை போய், செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் உறுமத் தொடங்கியதும், "ஊர்ல கேட்டா இன்னாடா சொல்லுவ?" என்றேன்.

"ஊரு கெடக்கு, வுடு. அம்மாகிட்ட சொல்லணும். வேல போச்சும்மான்னா அது சிரிக்கும் மச்சான். அதான் பயமா கீது."