மே மாதத்து ஸ்வெட்டர்

கப்பல் வரும் நாளில் லெத்தேரியா கடையைப் பூட்டி அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. மெஸ்ஸினாவில், பேராலயச் சதுக்கத்துக்குப் பின்னால், எலுமிச்சைச் சாறு ஊற்றிய நொறுக்கிய ஐஸும் கீரை வைத்துப் பொரித்த பலகாரமும் விற்கிற பொந்து மாதிரிக் கடை. நண்பகலில் மணிக்கூண்டுச் சிங்கம் கர்ஜிப்பதைப் பார்க்கக் கப்பல் கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு வெயிலில் நிற்கும். கர்ஜிப்பது என்னவோ தகரச் சிங்கம்தான், ஆனால் தொண்டை வறண்டுபோவது கூட்டத்துக்கு. அத்தனை பேரும் நேரே லெத்தேரியாவிடம்தான் வருவார்கள். காய்ச்சலோடு நின்று விற்றிருக்கிறாள். மாமியாரைப் புதைத்த கையோடு வந்து விற்றிருக்கிறாள். அப்படிப்பட்டவள் மே மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், துறைமுகத்தில் தெருவையே மறைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கப்பல் நிற்கும்போது, ஷட்டரை இழுத்துப் பூட்டினாள்.

"பொண்ணு வர்றா" என்றாள், கேட்டவர்களிடம். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. தெருவுக்கே விஷயம் தெரியும்.

அவளுடைய ஒரே மகள் இலேனியா அந்தக் கப்பலில் வேலை பார்க்கிறாள். படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குப் போனவள், இப்போது வரவேற்பு மேசையில் நிற்கிறாள். ஆறேழு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் கப்பல் மெஸ்ஸினாவுக்கு வந்திருக்கிறது. மாலைக்குள் ஏறிவிட வேண்டும். அடுத்த வாரம் கப்பல் வடக்கே நார்வேப் பக்கம் போய்விடும். இனி அவள் வீட்டுக்கு வருவது அடுத்த வசந்தத்தில்தான்.

அவள் அப்பா பிளாசிதோவுக்கு அடுத்த வசந்தம் கிடையாது. உணவுக் குழாயில் கட்டி. செப்டம்பரில் வரும் திராட்சை அறுவடை வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் லெத்தேரியாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பிளாசிதோ அதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, மனைவியின் கையை மாதா படத்தின் மேல் வைத்துச் சத்தியம் வாங்கியது.

"இலேனியாகிட்ட மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா வேலையை உதறிட்டு ஓடி வந்துடுவா. வந்து என்ன பண்ணுவா? என் பக்கத்துல உக்காந்து மூக்கைச் சிந்துவா. நான் முப்பது வருஷமா இந்த ஜலசந்தியில அக்கரைக்கும் இக்கரைக்கும் போற படகுல கயிறு கட்டினவன். அவளாவது போகட்டும்."

இந்த ஊர் மாதாவின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டிருப்பவள் சத்தியத்தை எப்படி மீறுவாள்? அன்று முதல் வீட்டில் போன் கேமரா "கெட்டுப்போய்விட்டது". குரல் கம்மினால் சளி. பேசாமல் போனால் தூக்கம். பொய் சொல்வதில் இந்த ஊருக்கு ஈடு இல்லை. அதிலும் பாசத்துக்காகச் சொல்கிற பொய்யென்றால் தெரு முழுக்கக் கைகொடுக்கும்.

ஆனால் நேரில் வருகிறவளை எப்படி ஏமாற்றுவது? காலையில் கணவனும் மனைவியும் கண்ணாடி முன்னால் நின்றார்கள். அவருக்குச் சட்டைக்குள்ளே மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் ஒன்று போட்டார்கள். அப்போதும் சட்டை கொடியில் தொங்குவது போலத்தான் தொங்கியது. அதன் மேல் இன்னொன்று. கழுத்தை மறைக்கச் சளியின் பேரில் ஒரு துண்டு. கடைசியாக லெத்தேரியா தன் சிவப்பு ரூஜ் பொடியை எடுத்து அவர் கன்னத்தில் தேய்த்தாள்.

"போதும்டி, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கிடாதே."

"வாயை மூடுய்யா. சிரிச்சா கலையும்."

சொல்லிவிட்டு அவளே சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

துறைமுகத்திலிருந்து மகளைக் கூட்டிவரும்போதே முதல் கண்டம் வந்தது. மீன்கடை தூரி, நல்ல மனுஷன், நாக்குதான் நிற்காது. எதிரே ஓடிவந்து இலேனியாவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டான்.

"வந்துட்டியா கண்ணு! நல்ல காரியம் பண்ணே. இந்த நேரத்துல நீ வந்ததுதான் பெரிய..."

லெத்தேரியா அவன் காலை நச்சென்று மிதித்தாள்.

"...பெரிய கப்பல்!" என்று முடித்தான் தூரி, கண்ணில் நீர் முட்ட. வலியால் வந்த நீர் என்று இலேனியா நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் கத்தரிக்காயும் இறைச்சியும் முட்டையும் அடுக்கி அடுப்பில் வேகவைத்த பாஸ்தா காத்திருந்தது. மகளுக்குப் பிடித்தது, அதை வைக்காவிட்டால் உடனே சந்தேகம் வந்துவிடும். பிளாசிதோ கெட்டியான உணவு எதையும் விழுங்கி ஒரு மாதமாகிறது. இருந்தாலும் மேசையின் தலைமாட்டில், வெளிச்சம் முதுகில் விழும்படி ஜம்மென்று உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்தார். மென்றார். தண்ணீர் குடித்தார். லெத்தேரியா அவர் தொண்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மேலே போய், நின்று, மெதுவாக இறங்கியது. அப்புறம்தான் இவளுக்கு மூச்சு வந்தது.

இலேனியா கப்பல் கதையெல்லாம் சொன்னாள். குளியல் தொட்டியில் மீன் பிடித்து விடச்சொன்ன கிழவி, தினமும் தவறான மாடிக்குப் போய் அடுத்தவன் கதவைத் தட்டும் ஜெர்மன்காரர். பிளாசிதோ சரியான இடத்தில் சிரித்தார். சொல்லிக்கொண்டே அவள் எழுந்து, பாத்திரத்தின் ஓரத்தில் கருகி முறுகிப் பிடித்திருந்ததைக் கரண்டியால் சுரண்டி எடுத்தாள். சின்ன வயதில் அப்பாவும் மகளும் அடித்துக்கொள்வது அந்த ஓரத்துக்குத்தான்.

"இந்தாங்கப்பா, இன்னிக்கு முழுசா உங்களுக்கே."

"அவருக்குப் போதும்டி, நீ சாப்பிடு" என்றாள் லெத்தேரியா, சட்டென்று.

"ஏன்மா? அப்பாவாவது ஓரத்தை வேண்டாங்கறதாவது!"

பிளாசிதோ மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முள்கரண்டியை எடுத்து, கல் போலிருந்த அந்த ஓரத்தை வாயில் போட்டு, மகளைப் பார்த்தபடியே மென்று விழுங்கினார். முழுவதையும் சாப்பிட்டார். நெற்றியில் வேர்வை கோத்தது.

"அடேயப்பா, என்ன ருசி!" என்று எழுந்து, கை கழுவப்போகிறவர் போல நிதானமாகக் குளியலறைக்குப் போனார். கதவு சாத்தப்பட்டது. குழாய் முழு வேகத்தில் ஓடியது.

லெத்தேரியா தட்டுகளைக் கடகடவென்று அடுக்கினாள். ரேடியோவைத் திருகினாள். எதிர்வீட்டுக்காரி மருமகளோடு சண்டை போட்டதை ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"தண்ணி ஏம்மா இவ்வளவு நேரமா ஓடுது?"

"குழாய் கெட்டுப்போச்சு. அவர் அதோட மல்லுக்கட்டிட்டு இருப்பாரு. நீ காபி குடி."

கதவு திறந்தது. லெத்தேரியா பார்த்தாள். முகம் கழுவியிருக்கிறார்! ரூஜ் போய்விட்டது. மெழுகு நிறத்தில் ஒரு முகம் அங்கே நின்றது. ஒரே தாவில் ஜன்னலுக்குப் போய் மரப்பலகைகளை இழுத்துச் சாத்தினாள்.

"ஐயோ, என்னா வெயில்!"

"எங்கடி என் காபி?" என்றார் பிளாசிதோ, இருட்டுக்குள்ளிருந்து, கணீரென்று. அந்தக் குரலை எங்கிருந்து பிடித்துக்கொண்டு வந்தாரோ.

கிளம்பும்போது மகள் அவரைக் கட்டிப்பிடித்தாள். கம்பளி கொடுத்த தடிமன் போதுமானதாக இருந்தது. "முட்டி வலிக்குது, துறைமுகம் வரைக்கும் இறங்கி ஏற முடியாது" என்றார். "போ, நேரமாச்சு. மேலதிகாரி திட்டுவான்." வாசலில் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடுதான் நின்றார்.

துறைமுக வாசல் வரை லெத்தேரியா மகளோடு நடந்தாள். சத்தியத்தை நினைத்தாள். அந்த முறுகிய ஓரத்தை நினைத்தாள். எது பெரியது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பைகளோடு திரும்பிய பயணிகள் ஒரு வரிசையில் நின்றார்கள். ஊழியர்களுக்குத் தனி வரிசை. இலேனியாவின் தோழி ரொவேனா, பிலிப்பைன்ஸ்காரி, முன்னால் நின்று கையாட்டினாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே" என்றாள் இலேனியா, அவள் கன்னத்தில் முத்தமிட்டு. "அப்பா ரொம்பக் குண்டாயிட்டாரு. கட்டிப்பிடிச்சா கை சேர மாட்டேங்குது. சாப்பாட்டைக் கொஞ்சம் குறை."

மகள் வரிசையில் போய் நின்றாள். கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டையைக் கையில் எடுத்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள், பிறகு ஒருவர்.

"இலேனியா!"

அந்தக் கத்தலில் வாயில் காவலரே திரும்பிப் பார்த்தார்.

"அது ஸ்வெட்டர்டி" என்றாள் லெத்தேரியா. "சட்டைக்குள்ள. ரெண்டு ஸ்வெட்டர்."

இலேனியாவுக்கு முதலில் புரியவில்லை. மே மாதத்தில் எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்கப்போனவள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூடிய ஜன்னல், ஓடிய குழாய், மீன்கடைக்காரனின் கண் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"எவ்வளவு நாள்?"

"அறுவடை வரைக்கும்னாரு டாக்டர்."

"என்னைக் கப்பலேத்திட்டு நீ வீட்டுக்குப் போயிருப்பே, இல்ல?"

"சத்தியம் பண்ணிட்டேன்டி."

"அந்த ஓரத்தை என் கையால சுரண்டிப் போட்டேனே! நீ பாத்துட்டு உக்காந்திருந்தியே!"

இலேனியாவின் கை ஓங்கப்போவது போலத்தான் இருந்தது. ஓங்கவில்லை. ரொவேனா வாயிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "சீக்கிரம் வா!" என்று கூப்பிட்டாள். இலேனியா திரும்பி, "நான் வரலைன்னு சொல்லிடு" என்றாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, வாயில் கம்பி வழியாக ரொவேனாவின் கையில் திணித்தாள். அதற்குமேல் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட இல்லை. பிறகு அம்மாவுக்குக் காத்திராமல் மேட்டுத் தெருவில் விறுவிறுவென்று ஏறினாள். லெத்தேரியா மூச்சிரைக்கப் பின்னால் போனாள். சத்தியம் மீறிய பயம் அவளுக்கு வரவில்லை. அதைவிட, இனி அந்தக் கதவைத் திறந்தால் அவர் முகம் என்னவாகும் என்பதுதான் பயமாக இருந்தது.

வீட்டை நெருங்குமுன் கப்பல் நீளமாக ஊதியது. இருவரும் தெருமுனை திரும்பினார்கள். இலேனியா நின்றுவிட்டாள்.

மூன்றாம் மாடி பால்கனியில் பிளாசிதோ வெறும் பனியனோடு நின்றிருந்தார். இரட்டைக் கட்டில் விரிப்பை உருவி வந்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் கப்பலைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார். இந்த ஊரிலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு வீட்டார் அப்படித்தான் விடைகொடுப்பார்கள். விரிப்பின் கனம் தாங்காமல் கை ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்தது. ஒவ்வொரு தடவையும் தூக்கினார். எலும்பும் தோலுமான அந்தக் கைகளை மகள் கீழே நின்று பார்த்தாள்.

"பிளாசி..." என்று லெத்தேரியா வாயெடுத்தாள். இலேனியா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா. முடிக்கட்டும்."

கப்பல் துறைமுக வாயைத் தாண்டி வளைந்து, கண்ணுக்கு மறைகிற வரை அவர் நிறுத்தவில்லை. அதுவரை இவர்களும் நகரவில்லை. பிறகு விரிப்பைக் கம்பியில் போட்டுவிட்டு, அதன் மேலேயே கவிழ்ந்து மூச்சு வாங்கினார். அப்போதுதான் கண் கீழே வந்தது.

வெகுநேரம் பார்த்தார்.

"கப்பல் போயிடுச்சேடி" என்றார், கம்மிய குரலில்.

"பாத்தேன்பா" என்றாள் இலேனியா. "கதவைத் திறங்க."