பாதிச் சுவர்

ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்கள் வீடு முழுக்கக் கருங்கல். கீழே வற்றல் மிளகாய்க் கடை, மேலே குடியிருப்பு. நடுவில் மேலும் கீழுமாக ஒரே சுவர், ஆள் படுத்துப் புரளலாம், அத்தனை அகலம். அப்பா போனபின் அண்ணனும் நானும் பாகம் பிரித்தபோது, சொந்தக்காரர்கள் கூடி அந்தச் சுவரின் தடிமனையே இரண்டாக்கினார்கள். பாதி அவனுக்கு, பாதி எனக்கு. தேங்காயை உடைத்து ஆளுக்கொரு மூடி கொடுத்த மாதிரி எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அந்தச் சுவரில் வரிசைக்கு வரிசை சில நீளக் கற்கள் இந்த முகத்திலிருந்து அந்த முகம்வரை ஓடின. என் அடுப்புக்கு மேலே தெரியும் கல்லின் மறுமுனை அவன் கூடத்தில் இருந்தது.

புருஷனை விட்டு வந்த எனக்கு அந்தப் பாதி வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அண்ணனுக்கோ தன் பாதியை இடித்து லாட்ஜ் கட்டும் ஆசை. ஜூனில் பிடிக்கும் எடவப்பாதி மழைக்கு முன்னால் ஆட்களோடு வந்து சுவரில் கல்லுடைக்கும் மெஷினை வைத்தான். என் பக்கம் பாத்திரங்கள் குதித்து விழுந்தன, சுண்ணாம்பு குழம்பில் உதிர்ந்தது. கரண்டியும் கையுமாக அவன் கூடத்துக்கு ஓடினேன்.

“அண்ணே, கல்லு என் பக்கம் வரைக்கும் ஓடுது. உருவினா என் வீடும் சேந்து இடிஞ்சுரும்.”

“என் பாதியத்தான் இடிக்கேன், ஒனக்கென்னட்டி? வாயத் தொறந்து மிண்டாம போ!”

பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். கன்னத்தில் அறைந்தான், கம்மல் தெறித்துப் போனது. வாயில் ரத்தம் உப்புக் கரிக்கும்வரை அவன் கையைக் கடித்தேன். இரண்டு பேருக்குமே ஐம்பது தாண்டிவிட்டது. ஆட்கள் வாய் பார்த்து நின்றார்கள்.

வெறி பிடித்தவனாகக் கடப்பாரையை எடுத்து அந்த நீளக் கல்லின் இடுக்கில் கொடுத்து நெம்பினான். கல் முழுசாக உருவிக்கொண்டு வந்தது, அதன்மேல் இருந்தவையும் சரிந்தன. ஆட்கள் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். புழுதி அடங்கியபோது ஓட்டை வழியே என் அடுப்பு எரிவது தெரிந்தது. அண்ணன் தரையில் கிடந்தான், அவன் கால் அந்தக் கல்லுக்கு அடியில். கல்லின் ஒரு முனையில் அவன் கூடத்து நீலப் பெயிண்ட், மறுமுனையில் என் அடுப்புக் கரி.

“எடுட்டி… எடு!” என்று அலறினான்.

நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு கடப்பாரையைக் கரி படிந்த முனைக்கு அடியில் கொடுத்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தேன். கல் கொஞ்சம் எழும்பியது, கால் இன்னும் வெளியே வரவில்லை. அப்போது பின்னால் என் சமையலறை உத்திரம் முறியும் சத்தம் கேட்டது. கையை எடுத்தால் கல் மறுபடி அவன் காலில் இறங்கிவிடும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.